தாளிப்பின் மேல் போட்ட பழி

பெயிண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் ஷெட்காரர்கள் கேட்டார்கள். என் திறமையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. அதிலும் பாதி பொய். சரி, செய்த தப்புகளை எழுதுவோம் என்று பார்த்தால் ஒரு குயர் நோட்டு பற்றாது போலிருந்தது. அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருப்பதில் பெரியது இது இல்லை. ஆனால் நினைத்தால் இன்றைக்கும் சாப்பாட்டு இலையிலிருந்து தலை நிமிர முடியாத அளவுக்கு வெட்கமானது இதுதான்.

பட்டி எப்படிப் பார்ப்பது, உப்புத்தாளை எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் மேஸ்திரி தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார். வேலை கெட்டுப்போய், வண்டிக்காரர் நம் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த நிமிடத்தில் கை சும்மா இருக்கும். வாய்தான் வேலை செய்யும். என் வாய் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலையில் ஒரு ஷெட்டில் பெயிண்டர். ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் எனக்கே என்மேல் பொறாமை வரும். அப்போது வேடியப்பன் என்று ஒரு டிரைவர் வந்தார். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் காரை வாடகைக்கு ஓட்டியவர். கடைசியில் சொந்தமாக ஒரு பழைய அம்பாசிடர் வாங்கிவிட்டார். அவர் மனைவி கன்னியம்மாள், மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போகிறவர். அவர் கழுத்தில் அப்போது மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. மிச்சமெல்லாம் அந்தக் காராக மாறியிருந்தது.

காரை விற்றவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவர். மில் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமலை வீணாக்க மனமில்லாமல் கார் முழுக்கப் பூசியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் ஒன்று ரோட்டில் உருண்டு வருகிற மாதிரி இருக்கும். அதை டாக்ஸி ஆக்க வேண்டும். மேலே மஞ்சள், கீழே கறுப்பு. வேலூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிகளைப் பார்க்க நம் ஊருக்கு ஒருநாள் கேம்ப் வருவார். அந்த முறை புதன்கிழமை. அதில் பாஸ் ஆனால் கார்த்திகை தீபத்துப் பத்து நாளும் ஓட்டலாம். அந்தப் பத்து நாள் ஓட்டினால் குடும்பம் மூச்சு விடும். புதன்கிழமையைத் தவற விட்டால் அடுத்த கேம்ப் தீபம் முடிந்த பிறகுதான்.

“தம்பி, ஷெட்டுல கேட்டேன், தலைய சுத்துது” என்றார் வேடியப்பன். “வூட்டாண்டயே வெச்சு அடிச்சுக் குடுத்துடேன். சாமான் நான் வாங்கித் தரேன். கூலி கொஞ்சம் கம்மியா பார்த்துக் கேளு.”

நான் ஷெட்டில், அத்தை இறந்துவிட்டதாகச் சொல்லி லீவு வாங்கினேன். அந்த அத்தை அதற்கு முன்பே இரண்டு முறை இறந்தவர். எங்கள் ஷெட்டில் டிங்கர் வேலை பார்த்த பாய் ஒருவர் இருந்தார். தகரத்தைத் தட்டும்போதே அது எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவார். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலேயே கேட்டார்:

“அத்தை வூடு செங்கம் ரோட்டுலயா?”

நான் கன்னைப் பைக்குள் திணித்தேன்.

“அந்தப் பச்சை வண்டியா? கேட்டுக்கோ. மேல இருக்கிறது வூட்டு பெயிண்ட். நம்ம ஷெட்டுல அடிக்கிறது தின்னர் பெயிண்ட். அது மேல இத அடிச்சா சில சமயம் ஒத்துக்கும், சில சமயம் தூக்கி எறிஞ்சுடும். டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஒரு கை அகலம் அடிச்சுப் பாரு. அடிச்சுட்டு ஒரு பீடி பத்த வெச்சுக்கோ. பீடி முடியறதுக்குள்ள வண்டி உனக்கு பதில் சொல்லிடும்.”

“எனக்குத் தெரியாதா பாய்” என்றேன். தெரியும் என்பது உண்மைதான். தெரிந்த விஷயத்தைச் செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் வேடியப்பன் வீடு. பக்கத்தில் காலி மனை. கன்னியம்மாள் தன் பழைய புடவைகள் ஆறைச் சேர்த்துத் தைத்து, புழுதி படாமல் காரைச் சுற்றித் திரை கட்டிக் கொடுத்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பட்டி வைப்பதும் தேய்ப்பதுமாகப் போயிற்று. பச்சையை முழுக்கச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். நான் மேலோட்டமாகத் தேய்த்து மினுக்கத்தை மட்டும் எடுத்தேன். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் திரைக்குள் எட்டிப் பார்த்தார். நான் கண்ணை மூடி மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கைகூப்பிவிட்டுப் போனார். தூங்கி வழிந்துகொண்டிருந்தேன் என்று அவருக்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை கறுப்பு அடிக்க வேண்டும். வீட்டில் கம்ப்ரசருக்கு எங்கே போவது? கையால் அடிக்கிற பழைய பம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒருவர் பம்பு அடிக்க வேண்டும், ஒருவர் கன்னைப் பிடிக்க வேண்டும். வேடியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டார். திரைக்கு வெளியே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் எனக்குத் திறமை கொஞ்சம் ஜாஸ்தியாக வந்துவிடும். டிக்கி மூடியாவது, உள்பக்கமாவது! நேரே பானெட்டில் ஆரம்பித்தேன்.

பானெட் முடிந்து, முன் கதவு முடிந்து, பின் கதவும் முடிந்தது. பளபளவென்று இருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து விசில் அடித்தேன்.

விசில் முடிவதற்குள் பானெட் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. கொதித்து இறக்கிய பாலில் ஆடை சுருங்குமே, அப்படி. அது நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது. முன் கதவு சுருங்கியது. பின் கதவும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் அடித்த இடம் முழுக்கக் கருவாட்டுத் தோல்.

பம்புச் சத்தம் நின்றது. வேடியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அவசரத்தில் பம்பின் இரும்புக் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்திருந்தது.

“தம்பி... இன்னா இது?”

தம்பிகளே, நான் சொன்ன அந்த நிமிடம் இதுதான். “அண்ணே, தப்பு பண்ணிட்டேன். சோதனை பண்ணாம அடிச்சுட்டேன். சுரண்டி எடுத்து மறுபடி அடிக்கலாம், மூணு நாள் இருக்குது.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று சொல். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நான் அவர் கையில் இருந்த அந்த இரும்புக் கம்பியைப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்த்தேன். அப்போது எங்கிருந்தோ காற்றில் கடுகு வெடித்த வாசனை வந்தது. கூடவே மிளகாய், பெருங்காயம்.

“யாருண்ணே இந்த நேரத்துல தாளிச்சது?” என்று கேட்டேன். என் குரலில் அப்படி ஒரு கோபம்! எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை.

“தாளிச்சா இன்னா?”

“இன்னாவா? ஈர பெயிண்ட் மேல எண்ணெய்ப் புகை படலாமா? கடுகு வெடிச்ச புகை பட்டுதுன்னா இப்படித்தான் சுருட்டிக்கும். அதுவும் பெருங்காயம் சேர்ந்துடுச்சுன்னா கேக்கவே வேணாம்.”

பெருங்காயத்தை ஏன் சேர்த்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். சமையலோ பொய்யோ, கொஞ்சம் சேர்த்தால்தான் எடுபடும் போலிருக்கிறது.

வேடியப்பன் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏய் கன்னீ!” என்று போட்ட சத்தத்தில் திரை கட்டிய கயிறே ஆடியது.

கன்னியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இன்னாங்க?”

“நீ இப்ப தாளிச்சியா?”

அவர் காரைப் பார்த்தார். புருஷன் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். நான் குனிந்து கன்னைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“ஆமாங்க, நான்தான்” என்றார். “தெரியாம பண்ணிட்டேன்.”

அதன் பிறகு வேடியப்பன் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: “உன் கழுத்துல இருந்தத வித்து வாங்குன வண்டிடி! உன் கையாலயே நாசம் பண்ணிட்டியே! ஒரு நாளு வாயக் கட்ட முடியல உனக்கு!” சந்து முழுக்கக் கேட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காரை விட்டுவிட்டு கன்னியம்மாளைப் பார்த்தார்கள். ஒரு கிழவி உச்சுக்கொட்டினாள். அவர் தலை குனிந்து நின்றார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நடுவில் புகுந்து, “விடுங்கண்ணே. அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் சரி பண்ணிடறேன்” என்றேன்.

அதாவது, நான் அவரை மன்னித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கார் தப்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருங்கியதையும் அதன் கீழே இருந்த பச்சையையும் முழுக்கச் சுரண்டுவது, பிறகு பிரஷ்ஷாலேயே எனாமலை மெல்லிசாக அடித்து ஒரு நாள் வெயிலில் காய விடுவது என்று முடிவானது. அது நல்ல முடிவு. அந்த வாரத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு. ஆனால் சுரண்டுவது சாமானிய வேலை இல்லை. “நான் இன்னா பண்ணணும், சொல்லு” என்று கன்னியம்மாள் வந்து நின்றார். ஒரு தகட்டைக் கொடுத்தேன். ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தவர் திங்கள் சாயங்காலம்தான் எழுந்தார். பாதிக் காரை அவர்தான் சுரண்டினார். மல்லாட்டை உடைத்துக் காய்த்துப்போன விரல்கள். அதிலும் கொப்புளம் கிளம்பியது. துணி சுற்றிக்கொண்டு சுரண்டினார்.

திங்கள் மத்தியானம் வேடியப்பன் எனாமல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். காருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள், இந்தப் பக்கம் நான். கர் கர் என்று தகடு உரசுகிற சத்தம் மட்டும். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட வசதியான நேரம் எந்தத் திருடனுக்கும் கிடைக்காது. தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? ஒரு ஜோக்.

“அக்கா, இந்தக் காருக்கு மொட்டை அடிச்சு சந்தனம் பூசிட்டா நேர்த்திக்கடன் முடிஞ்சுது.”

அவர் சிரிக்கவில்லை. கர் கர் என்ற சத்தம் நிற்கவும் இல்லை.

திங்கள் ராத்திரியே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அடித்து முடித்தேன். செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். கதவின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். “பிரஷ்ல அடிச்சதா? பரவாயில்லையே” என்றார். பாஸ். தீபத்துப் பத்து நாளும் அந்த வண்டி நிற்காமல் ஓடியது.

வண்டியோடு சேர்ந்து கதையும் ஓடியது. வேடியப்பன் நல்ல மனிதர், ஆனால் பேச்சுக்காரர். ஸ்டாண்டில், டீக்கடையில், ஏறுகிற சவாரியிடம், எல்லாரிடமும் சொன்னார்: “என் பொண்டாட்டி தாளிச்சு வண்டிய சுருட்டிட்டா. நம்ம பெயிண்டர் தம்பி இல்லன்னா நான் நடுத்தெரு.” எனக்குப் பேர் வந்தது. பேரைத் தொடர்ந்து வேலை வந்தது. கெட்ட வேலை செய்து நல்ல பேர் எடுத்தவன் நம் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அது மட்டுமில்லை. மற்ற பெயிண்டர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் வீட்டு வாசலில் வண்டி பெயிண்ட் ஆனாலும், “அம்மா, காயற வரைக்கும் தாளிக்காதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. வேலை கெட்டால் சொல்வதற்கு ஒன்று கையில் இருக்குமல்லவா? நான் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம். வெறும் பருப்புத் தண்ணீர். “உங்களுக்குத்தான் பெயிண்டர், கடுகே போடல” என்று பெருமையாக ஊற்றுவார்கள். என் பொய்யை நானே சோற்றில் பிசைந்து வருடக்கணக்கில் தின்றேன். உங்களில் சிலர் இன்னமும் இதைச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நிறுத்திவிடுங்கள். அது சாஸ்திரமும் இல்லை, தொழில் ரகசியமும் இல்லை. அது நான் உளறியது.

கன்னியம்மாளுக்கு என்ன வந்தது என்றால், ஒரு பட்டப்பேர். தாளிப்புக் கன்னி. சந்தில் ஏதாவது கார் நுழைந்தால் போதும், “ஏண்டி கன்னி, கார் வருது, அடுப்ப அணை” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அந்தச் சந்துப் பக்கம் போவதையே விட்டேன். கடைத்தெருவில் அவர் வருவது தெரிந்தால் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவேன். மலை சுற்றுகிற பாதை மட்டும் எனக்குப் பாதுகாப்பான இடம் என்று நினைத்திருந்தேன். அங்கே எல்லாரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுவார்கள், யாரும் எதிரே வர மாட்டார்கள்.

அப்படி எட்டு வருடம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மலை சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் ஒரு முதுகு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நடையை மெதுவாக்கினேன். முதுகும் மெதுவானது. நின்று, காலில் முள் பார்க்கிற மாதிரி குனிந்தேன். நிமிர்ந்தால் அவர் திரும்பி நின்று இடுப்பில் கை வைத்திருந்தார்.

“ஏய் பெயிண்டர், எத்தினி நாளைக்குப் பின்னாலயே நடப்ப? முன்னால வா.”

“கால் வலிக்குதுக்கா...”

“என்னைய பார்த்தா மட்டும் வருதா அந்த வலி?”

ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டேயிருந்தேன். ஜோக் ஏதாவது வருமா என்று பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

“அக்கா, அன்னிக்கு வண்டி கெட்டது தாளிப்பால இல்லக்கா.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் அன்னிக்கு தாளிக்கவே இல்லையே. எதுல தாளிக்கிறது? வண்டியில பிசுக்கு தொடைக்கணும்னு வூட்டுல இருந்த கிருஷ்ணாயில் பூரா சனிக்கெழமயே நீ வாங்கி ஊத்திட்ட. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுல ஸ்டவ்வே எரியல. உனக்கு மத்தியானம் ஓட்டல்ல இருந்து பொட்டலம் வாங்கியாந்து குடுத்தேனே, அது எதுக்குன்னு நெனச்ச?”

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஊறுகாய் போதவில்லை என்று முனகிக்கொண்டே தின்றவன் நான். எட்டு வருடத்தில் ஒரு நாளும், அது ஏன் ஓட்டலிலிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. கடுகு வெடித்தது யார் வீட்டிலோ. அவர் தாளித்தார் என்றாவது நான் நம்பியிருந்தேன். புகையால் சுருங்கியது என்பது மட்டும்தான் என் பொய் என்று எண்ணியிருந்தேன். முழுக்க முழுக்கப் பொய்யின் மேல்தான் அவரை நிறுத்தியிருக்கிறேன்.

“அண்ணனுக்குத் தெரியலியா, ஸ்டவ் எரியலன்னு?”

“அடுப்பு எரியுதா அணைஞ்சுதான்னு அவருக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?”

“அப்புறம் ஏன்க்கா நான்தான்னு சொன்னீங்க?”

கன்னியம்மாள் கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். கோபம்கூட இல்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

“அவரு கையில கம்பி. உன் மூஞ்சியப் பார்த்தேன், செவுரேறிக் குதிச்சு ஓடற மூஞ்சி. உன் மேல ஒரு போடு போட்டிருந்தாருன்னா நீ ஓடிப் போயிட்டிருப்ப. புதங்கெழம கேம்ப்பு. சுருங்கிப் போன வண்டிய வெச்சுக்கினு நாங்க யாருகிட்ட போறது? வேற பெயிண்டருக்குக் குடுக்க எங்ககிட்ட இன்னா இருந்துச்சு? என்னையத் திட்டினா திட்டிட்டுப் போறாரு. நான் எங்க ஓடப் போறேன்?”

தம்பிகளே, அவசரத்தில் எடுக்கிற முடிவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த நிமிடத்தில் அங்கே மூன்று பேர் நின்றோம். தொழில் தெரிந்தவன் என்று பேர் எடுத்தவன் நான். முடிவு எடுத்தது அவர். வண்டி, கேம்ப், கம்பி, என் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை எல்லாவற்றையும் மூச்சு விடுகிற நேரத்தில் எடை போட்டு, விலையைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வருவதற்கு ஒரு ஓட்டை தேடினேன், அவ்வளவுதான். வேலை கெட்டால் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். அடி விழுந்தால் விழட்டும். நீங்கள் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தில் ஓட முடியாதவர் யாரோ அவர் வாங்கிக்கொள்வார்.

“அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“சொல்லேன்! வேணாம்னா சொல்றேன்? இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு எட்டு வருஷமா பார்த்துக்கினுதான் இருக்கறேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. ‘நல்ல பையன் மேல பழியப் போடறியா’ம்பாரு. போன மாசம் என் பொண்ணப் பார்க்க வந்தாங்க. வந்தவங்களாண்டயும் இந்தக் கதையத்தான் எடுத்து வுட்டாரு. ‘பொண்ணும் அம்மா மாதிரி கடுகு வெடிப்பாளா’ன்னு கேட்டு சிரிச்சாங்க. அவ உள்ள போயி அழுதா.” எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “நீ ஒருத்தன் சொன்னாத்தான் உண்டு. போய் சொல்லு.”

மலையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே கார் ஸ்டாண்டுக்குப் போனேன். சுற்றி முடித்துவிட்டுப் போகலாம் என்றால், முடிப்பதற்குள் மனம் மாறிவிடும் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

வேடியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட நாலைந்து டிரைவர்கள். என்னைக் கண்டதும், “வாய்யா! இவன்தான், நான் சொன்னேனே, வண்டியக் காப்பாத்துன ஆளு” என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

“அண்ணே, அது தாளிப்பு இல்லண்ணே” என்றேன். “நான்தான். சோதனை பண்ணாம பெயிண்ட் மாத்தி அடிச்சுட்டேன். அதுதான் சுருங்கிச்சு. அக்கா அன்னிக்கு ஸ்டவ்வே பத்த வெக்கல. உங்க கையில கம்பி இருந்துச்சு, பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

அதுவரை வாழ்க்கையில் ஒரு விஷயத்தையும் நான் நேராகச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஏதோ கோணலாக வைத்திருப்பேன் போலிருக்கிறது. டிரைவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

“ஆரம்பிச்சுட்டான்யா” என்றார் ஒருவர்.

“அண்ணாமலையார் மேல சத்தியமாண்ணே.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வேடியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார், இதோ அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்துவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் கண் கலங்கியது.

“பாருங்கப்பா” என்றார் மற்றவர்களிடம். “அன்னிக்கு நான் அவளத் திட்டறப்போ நடுவுல வந்து நின்னான். எட்டு வருஷம் கழிச்சு வந்து, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறான். எவன் செய்வான் இத?” என்னிடம் திரும்பினார். “கன்னி உன்னாண்ட அழுதாளா? அவதான் சொல்லச் சொன்னாளா?”

ஆமாம் என்றால் அன்றைக்கு வீட்டில் கன்னியம்மாளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். “இல்லண்ணே, நானாத்தான்” என்றேன்.

அது போதுமானதாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எழுந்து, பெஞ்சில் தன் இடத்தைத் துண்டால் தட்டி, “உக்காருங்கண்ணே” என்றார். அதுவரை என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர் அவர்.

வேடியப்பன் கடைப் பக்கம் கை காட்டினார். “மாஸ்டர், நம்ம பெயிண்டருக்கு ஒரு ஸ்பெஷல் டீ. வடையும் குடு.”

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். நான் உட்கார்ந்தேன். டீயைக் குடித்தேன். வடையையும் விடவில்லை.